சொன்னால் மாறிவிடுவார்களா?

"மக்களிடம் விழிப்புணர்வு இல்லை." சுற்றுச்சூழல் பற்றிய எந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்துக்குள் இந்த வாக்கியத்தில் வந்து நின்றுவிடும். அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும்: "விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும்." பிறகு துண்டறிக்கை, பேரணி, சுவரொட்டி, கட்டுரைப் போட்டி. ஒரு வருடம் கழித்து அதே ஆட்கள், அதே கூட்டம், அதே வாக்கியம்.

இந்தச் சொல்லைத் தாராளமாகச் செலவழித்தவர்களில் நானும் உண்டு. ஆனால் விழிப்புணர்வு என்று எதைச் சொல்கிறோம்? ஒரு விஷயம் தெரிந்திருப்பதையா, அதை நினைத்துக் கவலைப்படுவதையா, எழுந்துபோய் ஏதாவது செய்வதையா? மூன்றும் வேறுவேறு. ஒன்று வந்தால் அடுத்தது தானாக வந்துவிடும் என்று நம்புவதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

## முதலுக்கே மோசம் வராமல்

சேமிப்புப் பணத்தின் வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பவருக்கு நாளையும் வருமானம் இருக்கும். முதலிலேயே கை வைப்பவருக்கு இன்று வசதி, நாளை இல்லை. தண்ணீர், காடு, மண், காற்று எல்லாவற்றையும் இப்படி முதல் கரையாமல் பயன்படுத்துவதைத்தான் நிலைத்தகு வாழ்க்கை என்கிறார்கள். 1987இல், அப்போதைய நார்வே பிரதமர் ப்ருன்ட்லாண்ட் தலைமையிலான ஐநா ஆணையம் கொடுத்த விளக்கமும் ஏறக்குறைய இதுதான்: வருங்காலத் தலைமுறை தன் தேவைகளைப் பூர்த்தி செய்துகொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளைப் பூர்த்தி செய்துகொள்வது.

இதை யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் மறுக்காத ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்வதில் என்ன பயன் என்பதுதான் இனி வரும் கேள்வி.

## நாற்பது வீடுகள்

அமெரிக்க உளவியலாளர் ஸ்காட் கெல்லர் 1981இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வீட்டில் எரிசக்தியைச் சேமிப்பது பற்றி மூன்று மணி நேரப் பயிலரங்குகள் நடந்தன. உரைகள், படங்கள், விளக்கங்கள் எல்லாம் உண்டு. முன்னும் பின்னும் வினாத்தாள் கொடுத்துப் பார்த்தார்கள். பயிலரங்குக்குப் பிறகு அறிவு கூடியிருந்தது, அக்கறை கூடியிருந்தது, "நானும் செய்கிறேன்" என்ற விருப்பமும் கூடியிருந்தது. நம் ஊர்க் கணக்கில் மாபெரும் வெற்றி, புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடலாம்.

அவர் கலையவில்லை. கலந்துகொண்டவர்களில் நாற்பது பேரின் வீடுகளுக்குப் பிறகு போய்ப் பார்த்தார்கள். வாட்டர் ஹீட்டரின் சூட்டைக் குறைத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒருவர் குறைத்திருந்தார். ஹீட்டரைச் சுற்றி வெப்பம் வெளியேறாத உறை போடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வீடுகளில் அது இருந்தது, ஆனால் பயிலரங்குக்கு வருவதற்கு முன்பே போட்டிருந்தார்கள். தண்ணீரைக் குறைவாக விடும் ஷவரை மட்டும் எட்டுப் பேர் மாட்டியிருந்தார்கள். காரணம் எளிது: அந்த ஷவரை நாற்பது பேருக்கும் இலவசமாகவே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கையில் கொடுத்தும் முப்பத்திரண்டு பேர் மாட்டவில்லை.

இந்தப் பயிலரங்கின் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மக்கள் தவறாக நடப்பதற்குக் காரணம் தகவல் போதாமை, தகவலை ஊற்றினால் நடத்தை சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. இதற்குத் தகவல் பற்றாக்குறைக் கோட்பாடு என்று பெயர். மனிதனைக் காலிக் குடமாகப் பார்ப்பது. குடம் பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

## கரையில் நின்று கற்ற நீச்சல்

நீச்சல் பற்றிய நூலை மனப்பாடமாகச் சொல்பவரைத் தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழைய பேச்சு. ஆனாலும் சுற்றுச்சூழல் என்று வந்தவுடன் அந்தப் பேச்சை மறந்துவிடுகிறோம்.

தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தைச் சொல்–செயல் இடைவெளி என்கிறார்கள். அதை நேர்மையின்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மின்விளக்கை அணைக்க மறந்தவர் மின்சாரத்தை வெறுப்பவர் அல்ல. பழக்கம், நேரமின்மை, கைக்கெட்டும் தூரத்தில் மாற்று இல்லாதது, செய்யத் தெரியாதது, "நான் ஒருத்தன் செய்து என்ன ஆகப்போகிறது" என்ற சோர்வு எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கின்றன.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1977இல் ஜார்ஜியாவின் திபிலீசி நகரில் யுனெஸ்கோ கூட்டிய உலக மாநாடு, சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்களை ஐந்தாகப் பிரித்தது: விழிப்புணர்வு, அறிவு, மனப்பான்மை, திறன், பங்கேற்பு. ஐந்து படிகளில் விழிப்புணர்வு முதல் படி மட்டுமே. நாமோ முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டோம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தெரிவது வேறு, செய்வது வேறு. தகவல் தேவைதான். ஆனால் தகவல் மட்டும் பள்ளத்தைத் தாண்ட வைக்காது.

## அந்த நாலு பேர்

அப்படியானால் எது தாண்ட வைக்கிறது? தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" யாருக்கும் அந்த நாலு பேரின் பெயர் தெரியாது. ஆனால் நாம் உடுத்துவது முதல் படிப்பது வரை அவர்கள் கை இருக்கிறது. ஒரு கூட்டத்தில் எது வழக்கம், எது சரி என்று எழுதப்படாமல் எல்லோருக்கும் தெரிந்திருப்பதைச் சமூக நெறி என்கிறார்கள் உளவியலாளர்கள். நாலு பேரின் படித்த பெயர்.

விடுதி அறைகளில் ஒரு அட்டையைப் பார்த்திருப்பீர்கள்: துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள். அமெரிக்காவில் கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் இந்த அட்டையின் வாசகத்தை மாற்றிப் பார்த்தார்கள். வழக்கமான வாசகம் இருந்த அறைகளில் 35 சதவீதம் பேர் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். "இங்கே தங்கும் பெரும்பாலானவர்கள் மறுபடி பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதிய அறைகளில் 44 சதவீதம். இன்னொரு சுற்றில் "இதே அறையில் தங்கியவர்கள்" என்று எழுதியபோது 49 சதவீதம். முன்பின் தெரியாத யாரோ அதே கட்டிலில் படுத்திருந்தார் என்பதில் நம்மைக் கட்டுப்படுத்த என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆனாலும் கட்டுப்படுத்துகிறது.

ஒரு எச்சரிக்கை. ஜெர்மனியில் இதைத் திரும்பச் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வாசகம் வழக்கமான வாசகத்தை மிஞ்சவில்லை. நாலு பேர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. இந்த வகை ஆய்வுகளை மந்திரம்போலச் சொல்லித் திரிபவர்களிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

நாலு பேரைத் தவறாகக் கூப்பிட்டால் அவர்கள் நமக்கு எதிராகவே சாட்சி சொல்வார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப் போன பழங்கால மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. பார்க்க வருபவர்கள் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆய்வாளர்கள் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையில் வைத்து இரண்டு வகைப் பலகைகளைச் சோதித்தார்கள். "எடுக்காதீர்கள்" என்று மட்டும் சொன்ன பலகை இருந்தபோது 1.67 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. "முன்பு வந்த பலர் எடுத்துச் சென்றதால் பூங்காவின் இயல்பு கெட்டுவிட்டது" என்ற பலகை இருந்தபோது 7.92 சதவீதம். வருத்தத்தோடு எழுதிய வாசகம்தான். ஆனால் படித்தவர் காதில் விழுந்தது "பலர் எடுக்கிறார்கள்" என்ற பகுதி மட்டும்.

நம் சுவரொட்டிகளை இந்தக் கண்ணோடு திரும்பப் படித்துப் பாருங்கள். "யாருமே குப்பையைப் பிரித்துப் போடுவதில்லை." "எல்லோரும் தண்ணீரை வீணாக்குகிறோம்." திட்டுவதாக நினைத்துக்கொண்டு, பிரிக்காமல் போடுபவருக்குத் துணைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிறோம்.

கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் வெஸ்லி ஷுல்ட்ஸும் சகாக்களும் செய்து 2007இல் வெளியிட்ட சோதனை இதைவிட நுட்பமானது. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களின் மின்சாரப் பயன்பாட்டையும் அக்கம்பக்கத்தின் சராசரியையும் எழுதிக் கொடுத்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்தவர்களோ "நாம்தான் வீணாகச் சிக்கனம் பிடித்திருக்கிறோம்" என்பதுபோலச் சராசரியை நோக்கி ஏறிவிட்டார்கள். வேறு சில வீடுகளுக்கு அனுப்பிய தாளில், குறைவாகச் செலவழித்தவர்களுக்கு ஒரு சிரித்த முகத்தையும் சேர்த்து வரைந்து கொடுத்தார்கள். அங்கே அந்த ஏற்றம் வரவில்லை. பலர் என்ன செய்கிறார்கள் என்பது ஒரு செய்தி. பலர் எதை மெச்சுகிறார்கள் என்பது இன்னொரு செய்தி. இரண்டும் சேர்ந்து போக வேண்டும்.

இந்த முறையைப் பெரிய அளவில், சுமார் 6 லட்சம் அமெரிக்க வீடுகளில், தபாலில் அறிக்கை அனுப்பிச் செய்தபோது சராசரியாக 2 சதவீதம் மின்சாரம் குறைந்தது. சிறிய எண்தான். ஆனால் வெறும் தாள் அனுப்பியதற்குக் கிடைத்த எண்.

வேடிக்கை என்னவென்றால், கலிபோர்னியாவில் நடந்த இன்னொரு கணிப்பில், மின்சாரத்தைச் சேமிக்க என்ன காரணம் என்று மக்களைக் கேட்டபோது "மற்றவர்கள் செய்கிறார்கள்" என்பதைக் கடைசிக் காரணமாகச் சொன்னார்கள். அவர்களின் நடத்தையோடு வைத்துப் பார்த்தால் மிக நெருக்கமாகப் பொருந்தியது அதே காரணம்தான். தன் முதுகு தனக்குத் தெரியாது.

சுருக்கமாக: நல்ல பழக்கத்தை ஊரின் வழக்கமாகக் காட்டினால் பரவ வாய்ப்பு உண்டு. கெட்ட பழக்கத்தை ஊரின் வழக்கமாகக் காட்டினால் அதுவும் பரவும்.

## வீம்பு

"செய்யாதே" என்று சொன்ன பிறகுதான் செய்யத் தோன்றும் குழந்தையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பெரியவர்களும் அப்படித்தான், கொஞ்சம் நாசூக்காக. தன் விருப்பத்தை யாரோ பறிக்கிறார்கள் என்று தோன்றியவுடன் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளத் துடிக்கும் மனநிலையை 1966இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் கோட்பாடாக எழுதினார். தமிழில் வீம்பு என்ற சொல் அதற்குப் போதும்.

காரில் போகிறவரைப் பூமியின் எதிரி என்று பேசினால் அவர் காரைப் பற்றி யோசிக்க மாட்டார், உங்களைப் பற்றி யோசிப்பார். அதோடு அவர் தனி ஆளும் இல்லை. அவருக்கு ஒரு குடும்பம், ஒரு தொழில், ஒரு கட்சி, ஒரு வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்தின் கருத்தை விட்டுக்கொடுத்தால் அவர் இழப்பது ஒரு கருத்தை மட்டுமல்ல.

டான் கஹானும் சகாக்களும் அமெரிக்கர்களிடம் செய்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே யோசிக்க வைக்கிறது. அறிவியல் அறிவு கூடக்கூடப் பருவநிலை மாற்றம் பற்றி எல்லோரும் ஒரே கருத்துக்கு வருவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? நடந்தது தலைகீழ். அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான் பிளவு அதிகமாக இருந்தது. படித்தவர் தன் கூட்டத்தின் நிலைப்பாட்டுக்கு இன்னும் சாமர்த்தியமாக வாதாடினார், அவ்வளவுதான். அதனால்தான் ஒரு விவசாயிக்கு இன்னொரு விவசாயி சொல்வதும், ஒரு ஓட்டுநருக்கு இன்னொரு ஓட்டுநர் சொல்வதும் நிபுணரின் ஒரு மணி நேர உரையைவிட ஆழமாக இறங்குகிறது. யார் சொல்கிறார் என்பது என்ன சொல்கிறார் என்பதில் பாதி.

பயமுறுத்துவது பற்றியும் ஒரு வார்த்தை. பயம் கவனத்தை இழுக்கும், சந்தேகமில்லை. ஆனால் பயத்தோடு "இதைச் செய்தால் போதும்" என்று ஒரு வழியையும் காட்டாவிட்டால், மனிதர் கண்ணை மூடிக்கொள்வார் அல்லது கையை விரித்துவிடுவார்.

## கேட்பதும் பேசுவதும்

இனி கற்பிப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசுக்கு ஒரு தலைவலி: இறைச்சித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, மக்கள் வழக்கமாக ஒதுக்கும் ஈரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளைச் சமைக்கவைக்க வேண்டும். உளவியலாளர் கர்ட் லெவின் இல்லத்தரசிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்குச் சத்து, சிக்கனம், நாட்டுப்பற்று எல்லாம் கலந்த நல்ல உரை. மற்றக் குழுக்களில் உரை இல்லை, "நம்மைப் போன்ற வீடுகளில் இதைச் செய்ய முடியுமா, என்ன தடை?" என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். முடிவில், முயன்று பார்க்கத் தயாராக இருப்பவர்கள் கையை உயர்த்தினார்கள். பிறகு விசாரித்தபோது, உரை கேட்டவர்களில் 3 சதவீதம் பேரும், பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம் பேரும் அதுவரை சமைக்காத ஒன்றைச் சமைத்திருந்தார்கள்.

வித்தியாசம் எங்கே வந்தது? பேசும்போது தடைகள் வெளியே வந்தன. நாலு பேர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கை உயர்த்தியது ஒரு சிறு வாக்குறுதியாக ஆனது. ஆசிரியர்களிடம் நான் அதிகம் சொல்வது இந்த ஆய்வைத்தான். நாற்பது நிமிட வகுப்பில் முப்பத்தைந்து நிமிடம் நாமே பேசிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது" என்ற பதில் வரும். அதற்கு மேல் எதுவும் வராது.

எதைக் கற்பிக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஷஹசீன் அத்தாரியும் சகாக்களும் 505 அமெரிக்கர்களிடம் எரிசக்தியைச் சேமிக்க மிகச் சிறந்த வழி எது என்று கேட்டார்கள். விளக்கை அணைப்பது போன்ற சிறு சிக்கனங்களையே அதிகம் பேர் சொன்னார்கள். குறைவாக மின்சாரம் இழுக்கும் கருவிக்கு மாறுவது போன்ற பெரிய வழிகளைச் சொன்னவர்கள் குறைவு. பாடநூல்களும் இதற்கு உடந்தை. சேத் வைன்ஸ், கிம்பர்லி நிக்கோலஸ் இருவரும் 2017இல் கனடாவின் பள்ளிப் பாடநூல்களைப் புரட்டியபோது, கார் இல்லாமல் வாழ்வது, விமானப் பயணத்தைத் தவிர்ப்பது, தாவர உணவுக்கு மாறுவது போன்ற பெரிய பலன் தரும் செயல்கள் அரிதாகவே கண்ணில் பட்டன. மறுசுழற்சி போன்ற சிறியவைதான் நிறைந்திருந்தன. ஓட்டைப் பானையின் அடியை விட்டுவிட்டு விளிம்பைத் துடைக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்.

## கை முதலில், மனம் பிறகு

மனம் மாறினால் செயல் மாறும் என்றே இதுவரை பேசினோம். எதிர்த் திசையும் உண்டு.

நாம் செய்வதும் நம்புவதும் ஒத்துப்போகாதபோது மனத்தில் ஒரு நெருடல் வரும். 1957இல் லியோன் ஃபெஸ்டிங்கர் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் அறிதல் முரண் என்கிறோம். செருப்பில் கல் மாட்டியது மாதிரி. நடத்தையை மாற்றிக் கல்லை எடுக்கலாம், அல்லது நம்பிக்கையை வளைத்துக்கொண்டு நடையைத் தொடரலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் சுலபம். "எனக்கு வேறு வழியில்லை", "அது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை" என்ற வாக்கியங்கள் பிறப்பது இங்கேதான். ஆனால் நடத்தை முதலில் மாறிவிட்டால்? நம்பிக்கை அதன் பின்னால் வளைந்து வரும்.

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் 2006 ஜனவரியில் நகருக்குள் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணம் சோதனையாக வந்தது. தொடங்கும் முன் எதிர்த்தவர்களே அதிகம். போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது. ஜூலையோடு சோதனை முடிந்து, செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது நகரவாசிகளில் பாதிக்குச் சற்று மேல் ஆதரித்தார்கள். அடுத்த ஆண்டு அது நிரந்தரமானது. வாழ்ந்து பார்த்த ஏழு மாதம், விளக்கக் கூட்டங்களால் ஆகாத காரியத்தைச் செய்தது.

சில நேரம் மனத்தைத் தொடவே வேண்டாம். ஒரு படிவத்தில் நாம் எதையும் குறிக்காவிட்டால் தானாகப் பதிவாகும் விருப்பத்தை டீஃபால்ட் என்கிறோம். ஜெர்மனியில் சுமார் 40,000 வீடுகளை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. மின்சார ஒப்பந்தத்தில் பசுமை மின்சாரம் வேண்டுமென்றால் குறியிட வேண்டும் என்றபோது 7 சதவீதம் பேர் அதை எடுத்தார்கள். அது முன்பே குறியிடப்பட்டு, வேண்டாதவர்கள் நீக்கலாம் என்றபோது 69 சதவீதம். யாருக்கும் யாரும் உரையாற்றவில்லை.

இதற்காகப் பேச்சு வீண் என்று சொல்லவில்லை. கட்டணம் வேண்டும், பேருந்து வேண்டும், டீஃபால்ட் மாற வேண்டும் என்று கேட்கும் குரல் எங்கிருந்து வரும்? பேச்சிலிருந்துதான். ஒவ்வொருவரும் தன் வீட்டுக் குழாயை மட்டும் பார்த்தால் போதும் என்று கற்றுக்கொடுக்கும் கல்வி, பெரிய குழாய் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைக் கேட்க விடாமல் செய்துவிடும். எனக்கு அந்த வகைக் கல்வியோடு உடன்பாடில்லை.

## வீட்டுக்கு வந்த கேள்வி

குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் பெற்றோர் மாறுவார்களா என்று அடிக்கடி கேட்கிறார்கள். டேனியெல் லாசனும் சகாக்களும் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு, மாறுவார்கள் என்கிறது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் பருவநிலை மாற்றத்தைப் பாடமாகப் படித்தார்கள், வெளியே போய்ச் செயல்முறையாகவும் செய்தார்கள். பெற்றோரிடமும் பருவநிலை பற்றிய அக்கறை கூடியது. முன்பு அக்கறை குறைவாக இருந்த பழமைவாதப் பெற்றோரிடமும் தந்தையரிடமும் கூடுதலாக. மகன்களைவிட மகள்களின் பேச்சுக்குப் பலன் அதிகம்.

அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு வீட்டுப்பாடம் இருந்தது. குழந்தைகள் பெற்றோருக்கு எதையும் விளக்கச் சொல்லவில்லை. பேட்டி எடுக்கச் சொன்னார்கள். உங்கள் காலத்திலிருந்து வானிலை மாறியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்பது போன்ற கேள்விகள். அப்பா யோசித்துப் பதில் சொல்ல, மகள் நோட்டில் எழுதிக்கொள்வாள்.